குரல் கொடுத்த ஊர்

சாரல்குறிச்சியில் ஒருவரைப் பார்த்து "என்ன அண்ணாச்சி, கொரல் குடுத்தாச்சா?" என்று கேட்டால் அவர் வாயைத் திறக்காமல் இடது கையை மட்டும் உயர்த்திக் காட்டுவார், மணிக்கட்டில் பழுப்பு நிற ஒலிநாடாத் துண்டு ஒன்று முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கும், கேட்டவரும் "சரி, அப்ப ஞாயித்துக்கெழம பேசுவோம்" என்று சொல்லிவிட்டுத் தன் வழியில் போய்விடுவார். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர்களைத்தான் அந்த ஊர்க்காரர்கள் ஆச்சரியமாகப் பார்ப்பார்கள்.

ஊர் மேற்கு மலையின் அடிவாரத்தில் இருந்தது. சுற்றிலும் எலுமிச்சைத் தோப்புகள், நடுவில் எலுமிச்சை மண்டி, இரண்டு பேர் பேசினால் மூன்றாவது ஆள் தானாக வந்து சேர்ந்துகொள்கிற பஸ் நிறுத்தம், கிழக்கே முள்வேலிக்குள் அரசு வானொலியின் சின்ன நிலையம், அதன் தலைக்கு மேல் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கோபுரம். சின்ன நிலையம் என்று சொல்லும்போது தலைநகரத்து நிலையக்காரர்கள் உதட்டைக் கொஞ்சம் பிதுக்குவார்கள். அவர்கள் கிடக்கிறார்கள். அந்தச் சின்ன நிலையத்தில்தான் உலகம்மை இருந்தாள்.

உலகம்மை தற்காலிக அறிவிப்பாளராகச் சேர்ந்து, எலுமிச்சை விலையும் அணையின் நீர்மட்டமும் காணாமல் போன மாடுகளின் அடையாளமும் வாசித்து, பிறகு தேர்வெழுதி நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ஆனவள். தயாரிப்பாளர் ஆன நாளிலிருந்து மைக்கின் முன்னால் அவள் உட்காரவே இல்லை. பேச வைப்பதுதான் இனித் தன் வேலை, பேசுவது அல்ல என்று முடிவு செய்துவிட்டாள். கவிதையும் எழுதுவாள். சிற்றிதழ்களில் வந்துகொண்டிருந்த கவிதைகளைச் சேர்த்து ஒரு தொகுப்பு போட்டார்கள், அதற்கு எங்கோ ஒரு பரிசும் கிடைத்தது. சாரல்குறிச்சியில் அந்தப் புத்தகத்தை வாங்கியது அவள் தங்கை காந்திமதி மட்டும்தான், அவளும் அதைப் படிக்காமல் பூசையறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். தன் கவிதையைத் தன் நிலையத்திலேயே ஒலிபரப்புவது தன் கல்யாணத்துக்குத் தானே மேளம் அடிப்பது மாதிரி என்று உலகம்மைக்கு ஒரு கூச்சம். ஆனாலும் என்றைக்காவது ஒரு நாள், யாராவது கேட்டுக்கொண்டு, தன் சொல் தன் குரலில் காற்றில் போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்தது. அந்த ஆசையை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அவள் தயாரித்த நிகழ்ச்சியின் பெயர் ஊர்க்குரல். புதன்கிழமை ஊரில் யாரையாவது கூட்டிவந்து பேசவைத்துப் பதிவு செய்வாள், இரண்டு நாள் உட்கார்ந்து வெட்டி ஒட்டிச் சரிசெய்வாள், ஞாயிறு காலையில் அது ஒலிபரப்பாகும். அப்படி ஒரு புதன்கிழமை மண்டியில் ஏலம் போடுகிற கோமதிநாயகம் வந்து, ஏலம் போடுவதில் உள்ள நெளிவு சுளிவையெல்லாம் பேசிவிட்டு, எழுந்து "வாரேன் தாயி" என்று சொல்ல வாயைத் திறந்தார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. டாக்டர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்து, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, கொரல மட்டும் காணும்" என்று சொல்லி ஃபீஸ் வாங்காமல் அனுப்பிவிட்டார். மறுநாள் மண்டியில் கோமதிநாயகம் துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து, மாட்டுச் சந்தை மாதிரி ஏலத்தை நடத்தினார். ஞாயிறு காலை டீக்கடை ரேடியோவில் அவர் குரல் பேசப் பேச, கடைவாசலில் நின்ற அவருடைய தொண்டை இளகிக்கொண்டே வந்தது; நிகழ்ச்சி முடிந்ததும் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "ஏ, வியாழக்கெழம அந்தக் கடைசிக் கூடை யாருக்குய்யா போச்சு?" என்பதுதான்.

இன்னொன்றும் நடந்திருந்தது. அவருக்குப் பல வருஷத்துப் பீடி இருமல் உண்டு. பேச்சுக்கு நடுவில் வந்த இருமலையெல்லாம் உலகம்மை பிளேடால் வெட்டி எறிந்திருந்தாள். குரல் திரும்பியது, இருமல் திரும்பவில்லை.

அடுத்த வாரம் பேசிய தபால்காரருக்கும் அப்படியே ஆயிற்று, அதற்கடுத்த வாரம் பேசிய மருத்துவச்சிக்கும் அப்படியே ஆயிற்று. வேறு தயாரிப்பாளர்கள் பதிவு செய்தால் ஒன்றும் ஆகவில்லை, உலகம்மை செய்தால் மட்டும் குரல் நாடாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, காற்றில் ஒலிபரப்பாகி முடிந்தால்தான் வீட்டுக்குத் திரும்பியது. பொறியாளர் ஜேசுராஜ் பதிவு இயந்திரத்தை அக்கக்காகப் பிரித்துத் துடைத்து மாட்டிப் பார்த்தார். கோயிலில் பூக்கட்டிப் போட்டுப் பார்த்தார்கள். காரணம் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குரல் கிடைத்துக்கொண்டிருந்ததால் காரணத்தைத் தேடுவதை விட்டுவிட்டார்கள்.

அதன் பிறகு அந்த ஊர் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்ட விதம் இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வேண்டும். குரல் கொடுத்தவர் என்று தெரிய ஓர் அடையாளம் வேண்டும் என்று முதலில் காதில் பூ வைக்கச் சொன்னார்கள், காதில் பூ என்றால் ஊரே சிரிக்கும் என்று அதை விட்டுவிட்டு ஒன்றும் பதியாத ஒலிநாடாவில் ஒரு துண்டை மணிக்கட்டில் கட்டும் வழக்கம் வந்தது. நாடா கட்டியவருக்கு டீக்கடையில் கேட்காமலேயே டீ வந்தது, கேட்க முடியாதே. பஸ்ஸில் கண்டக்டர் நாடாவைப் பார்த்துவிட்டு அவர் ஊரை நினைவு வைத்து அவரே டிக்கெட் கிழித்தார். பெண் பார்க்கப் போகிறவர்கள் பையனின் அப்பா குரல் கொடுத்திருக்கிற வாரமாகப் பார்த்துப் போனார்கள். மார்கழி மாதம் ஓதுவாரைக் கூப்பிடக் கூடாது என்று கோயிலிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். தேர்தல் நேரத்தில் இரண்டு கட்சி வேட்பாளர்களும் ஒருவரை ஒருவர் "மொதல்ல அவுகளப் பதிவு பண்ணுங்க" என்று பெருந்தன்மையோடு சிபாரிசு செய்தார்கள். மாமியாரும் மருமகளும் முறை வைத்துக்கொண்டு வந்து மாறி மாறிக் குரல் கொடுத்ததில் மேலத்தெருவில் இரண்டு வீடுகள் பிரியாமல் தப்பின. ஒரு வாரம் பேசாமல் இருந்து ஞாயிற்றுக்கிழமை குரல் திரும்பும்போது மனிதர்கள் முதலில் என்ன பேசுகிறார்கள் என்பதை ஊர் கவனித்தது. பெரும்பாலும் யாரையாவது பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

உலகம்மைக்கு இதில் பெருமை இல்லை என்று சொன்னால் பொய். கூப்பிட்ட குரலுக்கு ஓர் ஊரே தன் குரலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போகிறது என்றால், அந்த நம்பிக்கை எந்தத் தலைநகரத்துத் தயாரிப்பாளருக்குக் கிடைக்கும்? அவள் சைக்கிளில் போகும்போது முதுகு கொஞ்சம் நிமிர்ந்தே இருக்கும்.

ஒரே ஒரு தடவை அவள் கை தவறியது. தலைமையாசிரியர் வேதமுத்து பேசிய நிகழ்ச்சி நேரத்துக்கு மேல் நீண்டுவிட்டது என்று, அவர் நடுவில் வாய்விட்டுச் சிரித்த சிரிப்பை அவள் வெட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவர் குரல் திரும்பிற்று. சிரிப்பு திரும்பவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் அவர் வாய் திறக்கும், ஒன்றும் வராது, மூடிக்கொள்ளும். அவர் மனைவி நிலையத்துக்கு வந்து, "அந்தச் சிரிப்பக் கேட்டுத்தான் நான் அவுகளக் கெட்டிக்கிட்டேன், அதப் போயி வெட்டிட்டியே தாயி" என்று அழுதாள். உலகம்மை குப்பைக்கூடையைத் தரையில் கவிழ்த்து, துண்டு துண்டாகக் கிடந்த நாடாக்களை ஒவ்வொன்றாக இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தாள். யார் யாருடைய விக்கலோ தும்மலோ வந்துகொண்டே இருந்தது, கடைசியில் சிரிப்பு கிடைத்தது. அடுத்த ஞாயிறு, விவசாயப் பாட்டுக்கும் செய்திக்கும் நடுவில், எந்த அறிவிப்பும் இல்லாமல் வானொலியில் ஒரு மனிதர் சிரித்தார். ஏன் என்று தெரியாமலே ஊர் முழுக்கச் சேர்ந்து சிரித்தது. அதிலிருந்து உலகம்மை இருமலைத் தவிர வேறு எதையும் யாரையும் கேட்காமல் வெட்டியதில்லை.

நிலையத்துக்கு வெள்ளி விழா வந்தது. ஒரே நிகழ்ச்சியில் ஊர் முழுவதும் பேச வேண்டும் என்று உலகம்மை திட்டம் போட்டாள். தெருத்தெருவாக மக்கள் திரண்டு வந்தார்கள், வீடு வீடாக மைக்கின் முன்னால் நின்று பெயரைச் சொன்னார்கள், செய்கிற தொழிலைச் சொன்னார்கள், மனதில் பட்ட ஒரு வார்த்தையைச் சொன்னார்கள், கையில் நாடாவைக் கட்டிக்கொண்டு திருவிழாவுக்குப் போகிற மாதிரி வெளியே போனார்கள். ஜேசுராஜும் கொடுத்தார். டாக்டரும் கொடுத்தார். காந்திமதி மட்டும் கொடுக்கவில்லை. அவள் மகனுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள், "இந்த வாரம் எனக்குக் கொரல் வேணும்க்கா, அந்தச் சம்பந்தக்காரி லேசுப்பட்டவ இல்ல" என்று சொல்லிவிட்டாள்.

அதே சமயத்தில்தான் உலகம்மைக்கு அந்த அழைப்பும் வந்தது. குடியரசு நாளுக்கு முந்தைய மாலையில் நாட்டிலுள்ள எல்லா வானொலி நிலையங்களும் சேர்ந்து ஒலிபரப்புகிற பன்மொழிக் கவியரங்கத்தில், தமிழுக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கவிதையை மொழிபெயர்க்க முன்கூட்டியே எழுதி அனுப்ப வேண்டும், பிறகு தன் குரலில் பதிவு செய்த நாடாவை அனுப்ப வேண்டும். ஊருக்குத் தலைகால் புரியவில்லை. பஸ் நிறுத்தத்தில் தட்டி வைத்தார்கள். கவிதை என்னவென்று ஒருவரும் கேட்கவில்லை, நம்ம உலகம்மை நாட்டுக்கே பேசப் போகிறாள் என்பதே போதுமாக இருந்தது. அவள் இயந்திரத்தைத் தானே தட்டிவிட்டு, தானே உள்ளே போய் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் கவிதையை மைக்கில் வாசித்தாள். நன்றாக வாசித்தாள், அது அவளுக்கே தெரிந்தது. வெளியே வந்தபோது அவளிடமும் குரல் இல்லை. தானும் நாடா கட்டிக்கொண்டு தெருவில் நடந்தபோது எல்லோரும் வாய்ச்சத்தம் இல்லாமல் கைதட்டினார்கள்.

வெள்ளி விழா நிகழ்ச்சி ஒலிபரப்பாக வேண்டிய ஞாயிற்றுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை உத்தரவு வந்தது. சிக்கன நடவடிக்கை, சின்ன நிலையங்களில் உள்ளூர் நிகழ்ச்சிகள் அன்று மாலை முதல் நிறுத்தம், மறு உத்தரவு வரும்வரை தலைநகரத்து ஒலிபரப்பை வாங்கி அப்படியே அஞ்சல் செய்ய வேண்டும். நிலைய இயக்குநர் பத்மநாபன் புதிதாக மாற்றலாகி வந்தவர். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் குரல் கொடுக்கிற கதையை அவர் நம்பியதில்லை, ஊரில் தொண்டைக்கட்டு அதிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை ரேடியோவில் தலைநகரத்து நாதஸ்வரம் வந்தது. திங்கட்கிழமை ஊர் முழுக்க வேலியோரம் வந்து நின்றது. ஆண்களும் பெண்களும் வாயைத் திறந்து திறந்து மூடினார்கள், நாடா கட்டிய கைகளை உயர்த்திக் காட்டினார்கள், ஒரு சத்தமும் எழவில்லை. பத்மநாபன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, நல்ல ஜனங்க. ஒரு கோஷம் கிடையாது" என்றார். பொதுமக்கள் உத்தரவை அமைதியாக ஏற்றுக்கொண்டார்கள் என்று மேலிடத்துக்குத் தகவலும் அனுப்பிவிட்டார்.

காந்திமதி மட்டும் உள்ளே நுழைந்து அவர் மேசையைத் தட்டினாள். "யோவ், ஊரு மொத்தத்தையும் டப்பாக்குள்ள போட்டு அடச்சு வச்சுக்கிட்டு என்னய்யா அமைதி? ஒரு தடவ ஓட்டி விடும். ஒம்ம வீட்டு அடுப்பா அணைஞ்சு போவுது?"

"அம்மா, எனக்கு மேல இருந்து வந்திருக்கு. நான் என்ன பண்றது? ஒரு நிமிஷம் லோக்கலா ஏதாவது போனாக்கூட எனக்கு வேலை போயிடும்" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

ஜேசுராஜ் திருட்டுத்தனமாக ஒலிபரப்பிவிடலாம் என்று சைகை காட்டினார். உலகம்மை வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். பாதியில் இணைப்பைப் பிடுங்கிவிட்டால், மீதிப் பாதியில் இருக்கிறவர்கள் கதி? நாட்கள் போகப் போக ஊர் தளர்ந்தது. வாரக் கணக்கில் பேசாமல் இருந்து பழகியவர்கள்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததால் பழகியவர்கள். இப்போது அது இல்லை. டீக்கடையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. குழந்தைகளை அடிக்கக் கையை ஓங்கினார்கள், அதட்டக் குரல் இல்லாததால். ஊர் அடைந்து கிடந்த வெள்ளி விழாச் சுருளை உலகம்மை தினமும் எடுத்துத் துடைத்துத் துடைத்து வைத்தாள். கூப்பிட்டது அவள்தானே.

கவியரங்கத்துக்கு நாடா அனுப்ப வேண்டிய நாள் வந்தது. அன்று மத்தியானம் அவள் இரண்டு சுருள்களையும் வீட்டுக்கு எடுத்துவந்து மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்றில் அவளுடைய நீண்ட கவிதை, ஒன்றில் ஊர். இரண்டும் ஏறத்தாழ ஒரே நீளம். கவிஞருக்கு ஒதுக்கிய நேரத்தில் ஒன்றுதான் கொள்ளும். ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றிப் பதிந்தால் யார் குரல் யார் தொண்டைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. வெட்டினாலோ, வெட்டியதைப் பிறகு ஒலிபரப்ப வழியில்லை, போனது போனதுதான்.

காந்திமதி வாசலில் வந்து நின்றாள். பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எக்கா. நீ நெனைக்கதச் செய்யாத."

உலகம்மை நிமிரவில்லை.

"ஆயுசு பூரா அடுத்தவன் பேசுததத் தொடச்சுத் தொடச்சு அனுப்பிச்சிருக்க. ஒன் கவிதைய இந்த ஊர்ல ஒருத்தன் படிச்சிருக்கானா? சொல்லு. இப்பத்தான் நாடே கேக்கப் போவுது. அதத் தூக்கி இவனுவளுக்குக் குடுப்பியா? அப்புறம் ஒன் கொரல யாரு திருப்பித் தருவா? உள்ளூர் நிகழ்ச்சியே கெடயாதுன்னுட்டான், எந்தக் காலத்துல நீ பேசுவ?"

உலகம்மை சிலேட்டை எடுத்து எழுதினாள்: கோமதி அண்ணாச்சிக்குப் பதிலாக மண்டியில் வேறு ஆள் பார்க்கிறார்கள்.

"பாக்கட்டும்."

அழித்துவிட்டு எழுதினாள்: வேதமுத்து சாருக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். அவர் இன்னும் அதைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை.

காந்திமதி உள்ளே வந்து அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு தணிந்த குரலில் கேட்டாள், "ஒனக்கு ஆசையா இல்லியாக்கா?"

உலகம்மை சிலேட்டைத் துடைத்தாள், எழுதினாள்: ஆசைதான். எழுதிவிட்டுத் தங்கையின் தோளில் முகத்தை வைத்துச் சத்தமே இல்லாமல் அழுதாள். காந்திமதிக்குச் சத்தம் இருந்ததால் அவள் இருவருக்கும் சேர்த்து அழுதாள்.

அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு உலகம்மை நிலையத்துக்குப் போய் உட்கார்ந்தாள். தன் வேலை வாழ்க்கையிலேயே அவள் செய்த நல்ல வேலை அதுதான், அதை எங்கே வேண்டுமானாலும் நின்று சொல்லலாம். ஓர் அசையைக்கூட வெட்டாமல், எந்தத் தெருவுக்குப் பின் எந்தத் தெரு வர வேண்டும், எந்தக் கட்டைக் குரலுக்குப் பின் எந்தக் கீச்சுக் குரல் வந்தால் இரண்டும் எடுபடும், எந்தப் பெயருக்குப் பின் எந்தப் பெயர் என்று ஒரு கவிஞர் சொல்லை அடுக்குவதுபோல் ஊரை அடுக்கினாள். சுருளின் பெட்டிமேல் மொழி தமிழ் என்றும், கவிஞர் பெயர் உலகம்மை என்றும் எழுதினாள். தலைநகரத்தில் நேரம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். அது இம்மி பிசகாமல் சரியாக இருந்தது.

கவியரங்க மாலையில் ஊர் மொத்தமும் மண்டியில் கூடியது. தங்கள் தொண்டை போனது போகட்டும், உலகம்மையின் கவிதையைக் கேட்காமல் விடக் கூடாது என்று பஞ்சாயத்து ரேடியோவைக் குழாய் ஸ்பீக்கரில் இணைத்திருந்தார்கள். பத்மநாபனும் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், தன் நிலையத்துக்குக் கிடைத்த கௌரவம் இது என்று அவருக்கும் ஒரு நிமிர்வு. வங்காளி போயிற்று, பஞ்சாபி போயிற்று, அறிவிப்பாளர் "தமிழ்" என்றார், "உலகம்மை" என்றார், "சாரல்குறிச்சி" என்று நாக்கு சுளுக்கிக்கொண்டு சொன்னார். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கோமதிநாயகம். எலுமிச்ச மண்டியில ஏலம் போடுதேன். எங்க ஊரு எலுமிச்சைக்குத் தோலு மெலிசு, சாறு சாஸ்தி."

கோமதிநாயகம் தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். அடுத்து மேலத்தெரு வந்தது, அடுத்துப் பள்ளிவாசல் தெரு வந்தது, சர்ச் தெரு வந்தது, தையல்காரர்கள், தச்சர்கள், பால் கறக்கிறவர்கள், ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கிறேன் என்று சொன்ன சங்கரலிங்கம், எல்லோரும் வந்தார்கள், பெயர் பெயராக நாடு முழுவதும் போய்க்கொண்டிருந்தார்கள், எந்தெந்த ஊரிலோ யார் யாரோ இதைத் தமிழ்க் கவிதை என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், ஒவ்வொரு பெயர் போகும்போதும் மண்டியில் ஒரு தொண்டை திறந்தது. வேதமுத்து ஆசிரியர் நிகழ்ச்சி முடியும்வரை பொறுக்கவில்லை, பேத்தியின் பெயரைச் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு ஓடினார். கடைசிக் குரலும் முடிந்தபோது மண்டியில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. பத்மநாபன் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு, "அப்போ நிஜம்தானா?" என்று ஜேசுராஜைக் கேட்டார். "நெசந்தான் சார்" என்றார் ஜேசுராஜ், அவ்வளவு நாளில் பேசிய முதல் வார்த்தையாக.

கோமதிநாயகம்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உலகம்மையிடம் வந்தார். "தாயி, எங்க கொரலு வந்துட்டு. ஒன் கவித எங்க?"

அவள் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். நாடா அப்படியே இருந்தது.

அவர் முகம் மாறிவிட்டது. அதே நேரம் ஸ்பீக்கரில் ஒரு கம்பீரமான குரல் இந்தியில் ஏதோ வாசிக்கத் தொடங்கியது. எழுதி அனுப்பியிருந்த கவிதையின் மொழிபெயர்ப்பு அது. "எல்லாரும் வாய மூடுங்கல, அக்கா கவித!" என்று காந்திமதி கத்தினாள். மண்டி அடங்கியது. ஒருவருக்கும் இந்தி தெரியாது. பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த இசக்கிப்பாண்டியை முன்னால் தள்ளினார்கள். அவர் காதைச் சாய்த்துக் கேட்டார். "மழைங்கான். கூரைங்கான்" என்றார். "மத்தது கவிதையா இருக்கு, வெளங்கல."

அந்தக் கவிதையை நாட்டில் தங்களைத் தவிர எல்லோரும் கேட்டுவிட்டார்கள் என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. கோமதிநாயகம் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். "காந்திமதி, அந்தக் கவிதத் தாள் வீட்ல இருக்கா? எடுத்துட்டு வா. எழுத்துக் கூட்டி நான் ராத்திரியோட ராத்திரியா மனப்பாடம் பண்ணுதேன்" என்றார்.

மறுநாள் காலை மண்டிக்கு உலகம்மையை வரச் சொல்லி ஆள் வந்தான். எலுமிச்சை மூட்டைகள் அடுக்கியிருந்தன, வெளியூர் வியாபாரிகளும் வந்து நின்றார்கள். கோமதிநாயகம் ஏலமேடையில் ஏறி, இடுப்பில் கைவைத்து, ஏலம் கூவுகிற அதே உச்சக் குரலில், அதே வேகத்தில், கவிதையைத் தொடங்கினார். அவருக்குத் தெரிந்த ராகம் அது ஒன்றுதான். வரிகள் மூட்டை மூட்டையாக இறங்கின. வியாபாரிகள் எதற்கு விலை கேட்கிறார் என்று தெரியாமல் முழித்தார்கள். உலகம்மை கூட்டத்தின் நடுவில் நின்று கேட்டாள். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் சொல்லைக் கேட்டவளுக்குத் தன் சொல் வெளியிலிருந்து வந்து காதில் விழுவது அதுவே முதல் தடவை. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பெருமையில் கால் தரையில் நிற்கவில்லை. கவிதையின் கடைசிப் பகுதி வந்தது.

"மழை வந்தால் எங்கள் ஊரில்
முதலில் பேசுவது தகரக் கூரை.
அடுத்து வாழையிலை.
அடுத்து, மூடாமல் விட்ட குடம்.
தெருவெல்லாம் பேசி ஓய்ந்த பிறகு
ஒரு வீட்டில் விளக்கைத் தணித்து
ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.
அவள் பேசமாட்டாள்."

அந்த இடத்தில் அவர் நிறுத்தாமல் அடுத்த வரிக்குத் தாவப் பார்த்தார். உலகம்மையின் வலது கை தானாக உயர்ந்தது. உள்ளங்கை அவரைப் பார்த்து விரிந்தது. பதிவறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவருக்குத் தயாரிப்பாளர் காட்டுகிற சைகை அது, பொறு என்று அர்த்தம். அவர் திறந்த வாயோடு அப்படியே நின்றார். கூட்டம் அவரைப் பார்த்தது, பிறகு அவளைப் பார்த்தது. அவள் கையை இறக்கவில்லை. மலைப் பக்கமிருந்து காற்று வந்து எலுமிச்சை வாசத்தைக் கிளப்பிவிட்டுப் போனது, மூட்டை தூக்குகிறவர் தூக்கிய மூட்டையை இறக்காமல் நின்றார், அவள் மனதில் அந்த இடைவெளி எவ்வளவோ அவ்வளவும் முழுசாக நடந்து முடியும்வரை கை அங்கேயே இருந்தது. பிறகு விரலை நீட்டி அவரைச் சுட்டினாள்.

"அவள் கேட்டதால்தான்
அது மழை"
என்றார் கோமதிநாயகம், கூவாமல்.

அவளைத் தவிர மண்டியில் எல்லோருக்கும் குரல் இருந்தது. ஒருவரும் பேசவில்லை.